ஏரிக்கரை பங்களாவும் தாத்தாவின் அப்பாவும்

மார்ச் கடைசி வாரம் வந்துவிட்டால் அப்பாவை வீட்டில் பார்ப்பதே அபூர்வம். கொடைக்கானல் ஏரிக்கு மேலே ஒரு பழைய பங்களாவில் அவர் தோட்டக்காரர். சீசனுக்கு ஆட்கள் வருவதற்குள், மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறக்க வேண்டும். கம்பளிகளை வெயிலில் போடுவார். புகைபோக்கிக்குள் குருவி கட்டிய கூட்டை நீளக் கழியால் குத்தி இறக்குவார். முதல் நாள் கணப்பு மூட்டும்போது வீடு முழுக்கப் புகையும். எனக்குக் கோடை விடுமுறை என்றால் அந்தப் புகை வாசனைதான்.

ஏரியைப் பார்க்கிறவர்களில் பலர் அது தானாக உண்டானது என்றே நினைக்கிறார்கள். இல்லை. மதுரைக் கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் ஓடைத் தண்ணீரை மறித்துக் கரை போட்டு உண்டாக்கியது. தூத்துக்குடியிலிருந்து படகை வரவழைத்ததும் அவர்தான். ஆனால் ஏரிக்கு முன்பே இங்கே வீடு வந்துவிட்டது. 1834-ல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் பயந்து, 1845-ல் மலைமேல் சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு பங்களா கட்டினார்கள். அவர்கள் உல்லாசத்துக்கு வரவில்லை, உயிர் பிழைக்க வந்தார்கள். 1890-ல் வந்த படகுச் சங்கம், மாலை நடை, தேநீர் விருந்து எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சரி, அவர்கள் எப்படி மேலே வந்தார்கள்? வண்டிப் பாதை இல்லாத காலம். பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து ஒற்றையடிப் பாதை. சிலர் குதிரையில், சிலர் நடந்து, பெண்களும் குழந்தைகளும் டோலியில். அந்த டோலியைத் தூக்கியவர்களில் தாத்தாவின் அப்பாவும் ஒருவர். அவருடைய வலது தோளில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் காய்ப்பு இருந்ததாம். சின்ன வயதில் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேதான் தூங்குவேன் என்று தாத்தா சொல்வார். ஆட்களை மட்டுமா, பியானோவைக்கூடத் தோளில்தான் ஏற்றினார்களாம். மலைச்சாலை பொதுப் போக்குவரத்துக்குத் திறந்த பிறகுதான் அந்தத் தோள்களுக்கு ஓய்வு.

கொடைக்கானல் வரலாறு என்று எழுதுகிறவர்கள் லெவிஞ்சை மறப்பதில்லை, மறக்கவும் கூடாது. ஆனால் இந்தத் தோள்களுக்கும் அதில் ஒரு பக்கம் வேண்டும். எங்கள் வீட்டில் தாத்தாவின் அப்பாவுடைய படம்கூட இல்லை. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

தாத்தா ஏரியைச் சுற்றி, அந்த ஐந்து கிலோமீட்டரும், தினமும் நடந்தவர். படகில் மட்டும் ஏறியதே இல்லை. ஒரு ஜூன் மாதம், சீசன் கூட்டம் இறங்கிப் போன பிறகு, அப்பா அவரைக் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போனார். நானும் இருந்தேன். முதலில் பலகையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடு ஏரியில் மூடுபனி இறங்கியது, கரை தெரியவில்லை. "கொடுப்பா இப்படி" என்று அப்பாவிடம் துடுப்பை வாங்கி, கரை வரும்வரை தாத்தாவே வலித்தார்.