நாரி உளைவும் மன உளைச்சலும்

கொழும்பில் இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) பணி தொடங்கிய முதல் வருடங்களில், நாட்பட்ட வலியோடு வரும் பெண்களுக்கு உடற்பயிற்சித் தாள் ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிடுவேன். ஐந்து படங்கள், தினமும் இரண்டு வேளை. செய்யாமல் வந்தால் எனக்குக் கோபம் வரும்.

என்னைத் திருத்தியவர் வெள்ளவத்தையிலிருந்து வந்த ஓர் அம்மா. நான்கு வருடமாக நாரி உளைவு, கீழ்முதுகில் ஓயாத நோ. ஸ்கானில் பெரிதாக எதுவுமில்லை. மூன்றாம் தடவை வந்தபோது கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். நான் மடித்துக் கொடுத்த மடிப்புக்கூடக் கலையவில்லை. "ஏனம்மா செய்யவில்லை?" என்று கடுமையாகவே கேட்டுவிட்டேன்.

"மிஸ், விடியக் கண் விழித்தாலே ஏன் விழித்தேன் என்று இருக்கிறது. இதில் காலை எங்கே தூக்குவது?"

நாரி உளைவு, கால் உளைவு, மன உளைச்சல். வாழ்நாள் முழுவதும் பேசிய சொற்கள். மூன்றுக்கும் வேர் ஒன்றுதான் என்பது அன்றுதான் உறைத்தது. வலி என்பது உடல் உணர்வு மட்டுமல்ல, மன உணர்ச்சி அனுபவமும்தான் என்று சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 1979 இலேயே வரையறுத்தது. 2020 இல் திருத்தியபோதும் அதை நீக்கவில்லை. படித்திருந்தேன், பரீட்சைக்காக.

மூன்று மாதங்களைத் தாண்டி நீடிக்கும் வலியில், காயம் ஆறிய பிறகும் நரம்புகள் அடங்காமல் இருப்பதுண்டு. கவலையும் நித்திரையின்மையும் அவற்றை மேலும் தூண்டும். நோவுக்குப் பயந்து அசையாதிருந்தால் தசை தளரும். நம் பெண்கள் விழும் பள்ளம் இன்னொன்று: நோ குறைந்த நாளில் வீடு முழுவதும் கழுவி, திரைச்சீலைகள் தோய்த்து, தேங்காய் திருவி, அடுத்த மூன்று நாளும் படுக்கை.

தாளை வாங்கி வைத்துவிட்டேன். கடலோர வீதியான மெரின் டிரைவில் தினமும் ஐந்து நிமிட நடை, அவ்வளவுதான். நோ கூடினாலும் குறைந்தாலும் அதே ஐந்து. வாரம் மாறினால் ஒரு நிமிடம் கூட்டலாம். நல்ல நாளில் நிறுத்திக்கொள்வதுதான் அவருக்குப் பெரும் பாடாக இருந்தது. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலசைவு வேண்டும் என்கிறது. அந்த எண்ணை நான் அவரிடம் சொல்லவேயில்லை.

இரண்டு மாதங்களுக்குப் பின், நோ பத்துக்கு எத்தனை என்று கேட்டேன். முதல் நாள் ஏழு; இப்போது ஆறு.

"ஆனால் மிஸ், நேற்று மாத்தறை ரயில் போகும்வரை கடலைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். சமையல் பிந்திவிட்டது" என்று சிரித்தார்.

அட்டையில் ஆறு என்று எழுதி, பக்கத்தில் ரயிலையும் எழுதினேன்.