பேட்டரி போகலை, அண்ணாச்சி

போன செவ்வாய்க்கிழமை அண்ணாச்சி மின்சார சைக்கிளை உருட்டிக்கொண்டே என் ரிப்பேர் கடைக்கு வந்தார். தூத்துக்குடி உப்பளத்தில் ராக்காவல் அவருக்கு. “சமதரையில நல்லாத்தான் போகுது தம்பி. பாலம் ஏறுனா பாதியில நின்னுருது. பேட்டரி போயிட்டுன்னு வேற கடையில சொல்லிட்டான். புதுசு 14,000 ரூவாயாம்.” அவருடைய ஒரு மாதச் சம்பளத்தைவிட அது அதிகம்.

36 வோல்ட் பேட்டரி. உள்ளே பத்து செல் வரிசை, முழு சார்ஜில் 42 வரும். மீட்டர் வைத்தேன்: 41.3. சும்மா நிற்கும்போது இந்த எண்ணை நம்பக் கூடாது. நொந்துபோன பேட்டரியும் 41 காட்டும். மோட்டார் இழுக்கும்போதுதான் அதன் லட்சணம் தெரியும்.

பின் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றவிட்டால் பாரம் இல்லை. பிரேக்கைப் பிடித்துப் பாரம் கொடுக்கலாம் என்றால், பிரேக் கைப்பிடியிலேயே மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் இருக்கிறது. ஓட்டித்தான் பார்க்க வேண்டும். பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்துவது கன்ட்ரோலர். அதற்குள் போகும் சிவப்பு, கறுப்பு ஒயர்களில் மீட்டரைக் கோத்து, பழைய டியூப் துண்டால் ஹேண்டில்பாரில் கட்டிக்கொண்டு பாலம் ஏறினேன். 39, 36, 33... 31-ஐத் தொட்டதும் மோட்டார் அடங்கிவிட்டது. கன்ட்ரோலர் மீது தப்பில்லை. வோல்ட் அவ்வளவு இறங்கினால் பேட்டரியைக் காப்பாற்ற அது அணைந்துவிடும்.

பலர் இந்த இடத்திலேயே பேட்டரிமேல் பழியைப் போட்டுவிடுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது இதில்தான். இன்னும் ஓர் இடத்தில் அளந்து பார்க்க ஐந்து நிமிடம் ஆகுமா?

சார்ஜர் சொருகும் துளைக்கு மீட்டரை மாற்றினேன். இந்த வண்டியில் அது பேட்டரியின் வோல்ட்டை நேராகக் காட்டும். அதே பாலம், அதே ஏற்றம். மோட்டார் அடங்கும் நொடியிலும் 38.9! பேட்டரி தளரவே இல்லை. அப்படியென்றால் கிட்டத்தட்ட 8 வோல்ட் வழியில் எங்கோ தொலைகிறது. பத்து ஆம்பியர் ஓடினால் அது 80 வாட் சூடு. சால்டரிங் அயர்னை உள்ளே சொருகி வைத்த மாதிரி.

சாவியைத் திருப்பி பேட்டரியைக் கழற்றினேன். அது உட்காரும் சாக்கெட்டில் இரண்டு பித்தளைத் தகடுகள். ஒன்று பளிச்சென்று இருந்தது. மற்றதில் ஓரமெல்லாம் பச்சைக் களிம்பு, நடுவில் கறுப்பாகப் பொரிந்த புள்ளிகள், சுற்றியிருந்த பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தது. உப்புக் காற்று தகட்டை அரிக்க, குண்டும் குழியுமான ரோடு பிடிப்பைத் தளர்த்த, சூடு மிச்சத்தை முடித்துவிட்டது.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பளபளப்பு வரும், போன பிடிப்பு வராது. சாக்கெட்டையே மாற்றினேன். ஒயரைப் புதிதாகப் பற்றவைத்து, தகடுகளில் லேசாக வாசலின் தடவினேன். சாமான் 380 ரூபாய். பேட்டரிப் பெட்டியை நான் திறக்கவில்லை. லித்தியம் செல்லோடு விளையாடக் கூடாது. உப்பிய பேட்டரி வந்தால் சார்ஜ்கூடப் போட விடமாட்டேன்.

மறுபடி பாலம். உச்சியில் கன்ட்ரோலர் பக்கம் 38.6.

அண்ணாச்சி நம்பவில்லை. தானே ஒரு நடை ஏறி இறங்கிவிட்டு வந்தார். மறுநாள் காலை, ராக்காவல் முடிந்த கையோடு, அதே உப்பளத்தில் வேலை பார்க்கும் இன்னொருவரின் சைக்கிளையும் கூட்டி வந்துவிட்டார். அதில் களிம்பு இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது.