மான் மோப்பம் பிடித்துவிட்டது, அடுத்த பரண் எங்கே?

காற்று போகும் பக்கத்திலிருந்து வந்த வெள்ளைவால் மான் சட்டென்று நிற்கிறது. தலையை ஏற்றி இறக்கிப் பார்க்கிறது, முன்னங்காலால் தரையைத் தட்டுகிறது. பிறகு மூக்கால் புஸ்ஸென்று பலமாக ஊதிவிட்டு, வாலைத் தூக்கிக்கொண்டு பாய்ந்துவிடுகிறது. பரணில் இருப்பவர் அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். சிலர் அந்தக் காட்டையே கைகழுவிவிடுவார்கள், சிலர் மறுநாள் காலையிலேயே அதே மரத்தில் ஏறுவார்கள். அந்த மான் எதைத் தெரிந்துகொண்டு போனது என்று யோசித்தால் இரண்டுமே அவசரம் என்பது புரியும். காடு முழுவதும் ஆபத்து என்று அது நினைப்பதில்லை. இந்த இடத்தில், இந்தக் காற்றில், மனிதன் இருந்தான் என்பதுதான் அதற்குத் தெரியும். அடுத்த பரணை அதை வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இங்கே சொல்வது அமெரிக்காவில் உரிமம் எடுத்து, வில்லும் அம்புமாக வெள்ளைவால் மானுக்குப் போகிறவர்களுக்கு. இந்தியாவில் மான் வேட்டை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நான் மனதில் வைத்திருப்பது விஸ்கான்சினின் தென்மேற்கு மூலை: செங்குத்தான ஓக் மரச் சரிவுகள், இடையிடையே குறுகிய பள்ளத்தாக்குகள், மேட்டின் தலையில் மக்காச்சோள வயல்கள்.

முதலில் பார்க்க வேண்டியது, மான் எதை முகர்ந்தது என்பது. மூக்கை உயர்த்தி உங்கள் திசையைப் பார்த்தபடி நின்றால் காற்றில் வந்த வாடை. மூக்கைத் தரையோடு வைத்து, நீங்கள் நடந்து வந்த தடத்தில் நின்று, வந்த வழியே திரும்பினால் அது காலடி வாடை. இரண்டாவதானால் பரணில் குறையில்லை, நீங்கள் உள்ளே வந்த வழியில்தான் குறை. மரத்தை மாற்றாதீர்கள். மான் தடத்தைக் குறுக்கே வெட்டாத வேறு வழி தேடுங்கள், ஓடைத் தண்ணீரில் நடந்து வர முடிந்தால் அதைவிட நல்லதில்லை. முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் ஓரளவுக்கு உதவும். ஆனால் வழியில் செடி கொடியைக் கையால் விலக்கிக்கொண்டே வந்தால் அதுவும் வீண்.

காற்று வாடை என்றால் எந்த மான், எப்படிப் போனது என்று பாருங்கள். குட்டிகளோடு வந்த பெண் மான் ஊதிவிட்டு ஓடியது, ஆண் மான் எதுவும் அருகில் இல்லை என்றால் இடம் கெட்டுவிடவில்லை. ஆனால் அதே பெண் மான் சற்றுத் தள்ளி நின்று விடாமல் ஊதிக்கொண்டிருந்தால், அந்தச் சரிவில் இருக்கும் அத்தனை மானுக்கும் சேதி போய்விடும். அது காலைத் தட்டும்போது குளம்பிடுக்குச் சுரப்பியின் வாடையும் மண்ணில் படியும், பின்னால் வரும் மான்கள் அந்த இடத்தில் தயங்கும். வயதான ஆண் மான் பெரும்பாலும் சத்தமே போடாது. நின்று, ஒரு முறை முகர்ந்து, வாலைத் தாழ்த்தி நழுவிவிடும். அதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன்.

தென் கரோலினாவில் ஆண் மான்களுக்கு ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை கட்டி ஆபர்ன் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்தபோது, ஆள் ஏறிய பரணைச் சுற்றியுள்ள பகுதியை அவை பகல் வேளையில் ஏறக்குறைய மூன்று நாள் தவிர்த்தது தெரிந்தது. மோப்பம் பிடித்ததா இல்லையா என்ற கணக்கில்லாமலே இப்படி. எனவே தெளிவாக மாட்டிக்கொண்ட மரத்துக்கு மூன்று நாள் ஓய்வு என்பது குறைந்தபட்சம். அதே காற்றில் அதே மரத்துக்குத் திரும்புவதை நான் அதற்கும் மேலே தள்ளிப்போடச் சொல்வேன்.

அந்த மூன்று நாளும் வீட்டில் உட்கார வேண்டியதில்லை. மாட்டிக்கொண்ட பரணின் மீது வடமேற்குக் காற்று அடித்தது, வாடை தென்கிழக்கே போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குச் சரிவில் படுக்கும் ஆண் மான், தென்மேற்கில் உள்ள ஓக் கொட்டைக்குப் போகிற வழியில் பரணுக்குத் தென்கிழக்கே 40 கஜத்தில் உங்களைப் பிடித்தது. அடுத்த முறை அதே காற்று வீசும்போது பல வயதான ஆண் மான்கள் அந்த மரத்தை நேரே கடப்பதில்லை. தென்கிழக்கே இன்னும் விலகி, 70, 80 கஜம் தள்ளி, பழைய மரத்தில் ஆள் இருக்கிறானா என்று முகர்ந்தபடியே போகும். நீங்கள் இருக்க வேண்டியது அந்தத் தடத்துக்கும் தென்கிழக்கே இன்னொரு 20 கஜத்தில், அதாவது பழைய மரத்திலிருந்து சுமார் 100 கஜத்தில். மான் முகர்வது பழைய மரத்தின் காற்றை, அங்கே ஆளில்லை. உங்கள் வாடை அதற்கு எதிர்ப்பக்கம் போய்விடும்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. உங்களுக்குப் பின்னால் வாடை விழும் இடம் மான் வராத இடமாக இருக்க வேண்டும். செங்குத்தாக இறங்கும் ஓடைப் பள்ளம், அறுவடை முடிந்த வெட்டவெளி, அகலமான ஆறு போன்றவை பொருந்தும். அங்கே இன்னொரு படுக்கைப் புதர் இருந்தால் ஒரு மானுக்குத் தப்பி இன்னொன்றிடம் மாட்டுவீர்கள். உள்ளே வருவதும் அதே தென்கிழக்குப் பக்கத்திலிருந்துதான்.

வானிலைச் செயலி சொல்லும் காற்றை மட்டும் நம்பி மரம் தேர்ந்தெடுக்கக் கூடாது. மேட்டுச் சரிவில் வெயில் பட்டால் காற்று மேலே ஏறும், பொழுது சாயும்போது குளிர்ந்து பள்ளத்துக்கு இறங்கும். மேற்குக் காற்றில் மான் கிழக்குச் சரிவின் மேல் மூன்றில் ஒரு பங்கில் படுப்பதும் இதனால்தான். முதுகுப் பக்கமிருந்து மேட்டைத் தாண்டி வரும் காற்றும், கீழேயிருந்து ஏறும் காற்றும் அதற்கு ஒரே இடத்தில் கிடைக்கின்றன. மாட்டிக்கொண்டது மாலையில், மான் நின்றது உங்களுக்குக் கீழே என்றால், காற்றுத் திசையைக் குறை சொல்லிப் பயனில்லை. சரிவிறங்கிய குளிர்காற்றுதான் உங்களைக் காட்டிக்கொடுத்தது. அந்த மரம் காலை நேரத்துக்கு இன்னும் நல்ல மரமாக இருக்கலாம். மாலைக்கு மான் தடத்தைவிடத் தாழ்வான இடம் வேண்டும்.

இதைக் கண்ணால் பார்க்க மில்க்வீட் காய்ப் பஞ்சு போதும். நம் ஊர் எருக்கம்பஞ்சு மாதிரியேதான், இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். மரத்தில் ஏறியதும் ஒரு இழையை விடுங்கள், அரை மணிக்கொரு முறை இன்னொன்று. காற்றுத் திசை பார்க்க அழுத்தி ஊதும் பவுடர் புட்டியின் தூள் சில அடியில் கரைந்துவிடும். பஞ்சு தூரம் வரை மிதப்பதால், 50 கஜத்துக்கு அப்பால் காற்று சுழன்று திரும்புவதும் தெரியும். வாசனையற்ற சோப்பும், வாடையைப் போக்க வைக்கும் ஓசோன் கருவியும் எனக்கு அடுத்தபட்சம்தான், பஞ்சு தப்பான பக்கம் போகும் மரத்தை அவற்றால் காப்பாற்ற முடியாது.

நவம்பர் முதல் பாதியில், இணைசேரும் பருவத்தில், கணக்கு வேறு. ஆண் மான்கள் பெண் மான்களைத் தேடி வழக்கமான எல்லையைத் தாண்டி அலையும். காலையில் ஒன்று உங்களைப் பிடித்தாலும் பத்து மணிக்கு வருவது வேறு மானாக இருக்கலாம். இறங்காதீர்கள். பெண் மான் கூட்டம் ஊதி ஓடியிருந்தால் மட்டும், மறுநாள் அடுத்த பெண் மான் படுக்கைக்கு, அதன் காற்றுப்போக்கு ஓரத்துக்கு மாறுங்கள். ஆண் மான்கள் படுக்கை படுக்கையாக முகர்ந்துகொண்டு அங்கேதான் வரும்.

படுத்திருந்த இடத்திலேயே மான் உங்களை முகர்ந்து எழுந்திருந்தால் மேலே சொன்ன 100 கஜ உத்தி வேண்டாம். அடுத்த மேட்டுக்குப் போய்விடுங்கள். அந்தப் படுக்கையை, மரத்தில் கட்டிவைத்தால் தானே படமெடுத்து செல்போனுக்கு அனுப்பும் ட்ரெயில் கேமரா கவனிக்கட்டும். சாதாரணக் கேமராவின் மெமரி கார்டை எடுக்க நடந்து போனால் மறுபடி வாடையைக் கொண்டுபோய்ப் போடுவதுதான்.

மாட்டிக்கொண்ட அன்று மாலை, வயலில் மான்கள் மேயும்போது இறங்கினால் சேதாரம் இரட்டிப்பாகும். நன்றாக இருட்டி அவை நகரும் வரை பரணிலேயே இருங்கள். அதற்குள் காற்றின் திசை, நேரம், மான் நின்ற மரம், அது ஓடிய பக்கம் ஆகிய நான்கையும் போன் வரைபடத்தில் குறித்துவிடுங்கள்.