குதிரையின் வயிற்றில் கேட்ட கடல்

மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் இடையில், பாக் நீரிணைக் கரையை ஒட்டி எங்களுக்கு ஒரு தென்னந்தோப்பு உண்டு. பணி ஓய்வுக்குப் பின் ஊர் திரும்பிய நான், வளர்த்தவர்கள் கைவிட்ட வயதான நாய்களை அங்கே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாற்றலாகிப் போன குடும்பம் ஒன்று பூட்டிய வீட்டு வாசலில் விட்டுச் சென்ற லாப்ரடார், வேட்டைக்குக் கால் ஓயும்வரை பயன்பட்டுப் பிறகு விரட்டப்பட்ட கன்னி இன வேட்டை நாய், படகுத்துறையில் பல் கொட்டும்வரை காலம் தள்ளிய நாட்டு நாய்கள் என மொத்தம் ஏழு. குதிரை என் எண்ணத்திலேயே இருந்ததில்லை. பெங்களூருவில் கால்நடை மருத்துவம் படித்துக்கொண்டிருந்த என் தங்கை மகன் ஒரு நாள் இரவு தொலைபேசியில் அழைத்து, "மாமா, ஒரு குதிரை இருக்கு, வச்சுக்கிறீங்களா? இல்லைன்னா இது யார் கைக்குப் போகும்னு சொல்ல முடியாது" என்றான். முழுமையாகக் கேட்பதற்குள் சரி என்று சொல்லிவிட்டேன். அது அவசரம் என்பது பிறகு புரிந்தது.

பந்தயத்துக்காக வளர்க்கப்படும் தரோபிரட் குதிரை, எலும்பு முழுதாக முற்றுவதற்கு முன்பே, இரண்டு வயதில் ஓடத் தொடங்கிவிடுகிறது. ஆறேழு வயதில் ஓட்டம் முடிந்துபோகும். ஆயுளோ இருபத்தைந்து ஆண்டுகளுக்குக் குறையாது. எனக்கு வந்தது ஆறு வயதான, காயடித்த ஆண் குதிரை. முன்னங்கால் தசைநார் அறுந்து, இனிமேல் ஓடாது என்று ஒதுக்கப்பட்டது. பதிவேட்டில் அதற்கு வாயில் நுழையாத ஆங்கிலப் பெயர் ஒன்று இருந்தது. நிறத்தைப் பார்த்து நாங்கள் சிவலை என்று அழைத்தோம்.

அழைத்துவருவதற்கு முன் முடிக்க வேண்டிய வேலைகளில் ரத்தப் பரிசோதனைதான் முக்கியமானது. கிளாண்டர்ஸ் என்னும் நோய் குதிரையிடமிருந்து மனிதருக்கும் தொற்றக்கூடியது, தடுப்பூசி கிடையாது, நோய் உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்துவிடுவார்கள். ஆகவே அந்நோய் இல்லை என்னும் முடிவும் மருத்துவரின் உடல்நலச் சான்றும் கையில் இல்லாமல் மாநில எல்லையைத் தாண்டக் கூடாது. கழுத்தில் பொருத்தியிருந்த மைக்ரோசிப்பின் எண்ணும், குதிரைக்கான கடவுச்சீட்டிலிருந்த எண்ணும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுத்தேன். பயணம் சுமார் 600 கிலோமீட்டர். நெடுந்தூரம் தலையைத் தூக்கிக் கட்டியே கொண்டுவந்தால் மூச்சுக்குழாயில் சேரும் தூசியும் சளியும் வெளியேற வழியின்றி நுரையீரலில் சீழ் பிடிக்கும் என்பதால், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தித் தலையைத் தாழ்த்த விட்டோம். விடியற்காலை தோப்பில் இறங்கியபோது அது செய்த முதல் காரியம், கடல் இருக்கும் திசையைப் பார்த்து மூக்கை விரித்து நின்றதுதான். நாய்கள் ஏழும் வேலிக்கு அந்தப் பக்கம் வாயடைத்துப்போய் நின்றன.

முதல் மாதம் முழுவதும் தீனியிலேயே போயிற்று. பந்தய லாயத்தில் ஓட்ஸும் கொள்ளும் நிறையத் தின்று, நாளில் பெரும்பகுதியை நான்கு சுவருக்குள் கழித்த குதிரை இது. குதிரையின் இரைப்பை, தின்றாலும் தின்னாவிட்டாலும் ஓயாமல் அமிலத்தைச் சுரந்துகொண்டே இருக்கும். வயிறு காலியாகக் கிடந்தால் புண் வரும். சிவலைக்கும் புண் இருந்தது. வாசலில் நின்று தலையை இடமும் வலமுமாகப் பெண்டுலம்போல ஆட்டிக்கொண்டே இருக்கும். அடைபட்டுக் கிடந்த காலத்தில் பிடித்துக்கொண்ட பழக்கம் அது. தானியத்தை மூன்று வாரத்தில் படிப்படியாகக் குறைத்து, நாளுக்கு எட்டு முதல் பத்து கிலோ வரை காய்ந்த அருகம்புல்லும் குதிரை மசால் என்னும் தீவனப் பயிரும் கொடுத்தேன். வைக்கோலை நம்ப முடியாது, அதில் சத்து குறைவு. தவிடு கூடினால் எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து இறங்கும். தோப்புக் கிணறு கோடையில் உவர்த்துவிடும். அந்த நீரை வாயில் வைத்ததுமே துப்பிவிட்டது. ஆகவே நாளொன்றுக்கு நாற்பது லிட்டர் நல்ல தண்ணீரை விலைக்கு வாங்கினேன்.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கப்பலில் வந்திறங்கிய குதிரைகளை அரசர் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வாங்கியும் ஆண்டு முடிவில் நூறுகூட உயிரோடு இருப்பதில்லை என்றும், சோற்றோடு இறைச்சியை வேகவைத்துக் கொடுத்தார்கள் என்றும், லாடம் அடிக்கத் தெரிந்தவர் அங்கே இல்லை என்றும் எழுதியிருக்கிறார். எழுநூறு ஆண்டுகள் கழித்து, குதிரைக் குளம்பு சீவத் தெரிந்த ஒருவரைத் தேடி நான் மதுரை வரை போக வேண்டியிருந்தது. மாட்டுக்கு லாடம் கட்டுபவர் பக்கத்து ஊரிலேயே இருந்தார். குளம்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது பிளவில்லாத ஒத்தைக் குளம்புங்க, எனக்குப் பழக்கமில்ல" என்று நேர்மையாக ஒதுங்கிக்கொண்டார்.

இரண்டாம் மாதத்தில், ஒரு நாள் மாலை சிவலை தீனியைத் தொடவில்லை. திரும்பித் திரும்பித் தன் விலாவையே பார்த்தது, முன்காலால் மண்ணைப் பறித்தது, படுத்தது, எழுந்தது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றுவலி என்றால் உயிர் போகும் சங்கதி. மருத்துவர் வந்து அடிவயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துச் சற்று நேரம் கேட்டுவிட்டு, "நீங்களே கேளுங்க சார்" என்று என் காதில் மாட்டினார். கரையில் அலை வந்து மணலை இழுத்துக்கொண்டு திரும்பும் ஓசை அப்படியே உள்ளே கேட்டது. மணல்தான். புல்லைத் தரையில் போட்டுக் கொடுத்ததால் ஒவ்வொரு வாயோடும் சிறிது மணலும் உள்ளே போய், பெருங்குடலின் அடியில் படிந்திருக்கிறது. குழாய் வழியே எண்ணெயும் நீரும் செலுத்தி, இரவெல்லாம் நடத்தி, விடியும்போது முதல் லத்தி விழுந்த பிறகுதான் எல்லோரும் உட்கார்ந்தோம். அடுத்த வாரமே தீனி போடும் இடத்தில் சிமெண்டுத் தளம் போட்டேன். வெறும் வயிற்றோடு மணலில் அவிழ்த்து விடுவதை நிறுத்தினேன். மாதத்தில் ஒரு வாரம் மணல் வெளியேற இசப்கோல் உமி கொடுக்கிறேன். ஞாயிறுதோறும் ஒரு கைப்பிடி லத்தியை வாளித் தண்ணீரில் கரைத்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்து அடியில் என்ன தங்கியிருக்கிறது என்று பார்க்கிறேன். கடற்கரையில் குதிரை வளர்க்க நினைப்பவர்கள் வேறெதை மறந்தாலும் இந்த வாளியை மறக்க வேண்டாம்.

காலுக்கு வருகிறேன். அறுந்த தசைநார் கூடுவதற்கு ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை பிடிக்கும்; கூடினாலும் அந்த இடம் தழும்பாகத்தான் இருக்கும், பழைய இழுவை வராது. கையில் பிடித்து நடத்துவதே வைத்தியம். பத்து நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டினேன். மணலில் நடந்தால் காலுக்கு மெத்தென்று இருக்கும் என்று நினைத்து உலர்ந்த மணலில் நடத்திக்கொண்டிருந்தவனை, ஒருகாலத்தில் ராமேசுவரத்தில் குதிரை வண்டி ஓட்டிய பெரியவர் ஒருவர் தடுத்து நிறுத்தினார். "தம்பி, கால் புதையிற மணல்ல நடத்தாதீக, நரம்பு இன்னும் இழுத்துக்கும். அலை தொட்டுட்டுப் போற ஈர மணல்ல நடத்துங்க" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. எங்கள் பக்கத்தில் பாக் நீரிணையைப் பெண்கடல் என்றும், மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். பெண்கடலில் அலை அடங்கியிருக்கும் காலையில், ஈர மணலில் நடத்திவிட்டு முழங்கால் அளவு நீரில் நிற்க வைப்போம். கரையேறியதும் நல்ல தண்ணீரால் காலைக் கழுவிவிட வேண்டும். உப்பு தங்கினால் தோல் வெடிக்கும்.

சவாரிக்குப் பழக்கத் தொடங்கியது ஓராண்டு முடிந்த பிறகுதான். பந்தயக் குதிரைக்குத் தெரிந்ததை மறக்கவைப்பதே பாதி வேலை. சாதாரணக் குதிரை, கடிவாளத்தை இழுத்தால் நிற்கும்; இதுவோ இழுப்பில் சாய்ந்து இன்னும் வேகம் எடுக்கும், ஏனெனில் ஓட்டத்தில் ஜாக்கி கடிவாளத்தை இறுக்கிப் பிடித்திருப்பதையே அது தாங்கலாக எடுத்துக்கொண்டு பழகியிருக்கிறது. ஆகவே கடிவாளத்தைக் கழற்றி வைத்துவிட்டு, நீண்ட கயிற்றில் வட்டமாக நடத்தி, "நில்" என்ற சொல்லை மட்டும் நான்கு மாதம் கற்பித்தோம். அசையாமல் நிற்கவைத்து ஏறுவதும் அதற்குப் புதிது. லாயத்தில் யாராவது ஜாக்கியின் காலைப் பிடித்துத் தூக்கிவிடுவார்கள், குதிரை நடந்துகொண்டே இருக்கும். நான் ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி நிற்பேன், அது நகர்ந்துவிடும், இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னால் போவேன். தோப்பில் தேங்காய் வெட்ட வந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு இதை வேடிக்கை பார்த்தார்கள். ஒரு நாள் காலை நகராமல் நின்றது. நான் ஏறவில்லை. கழுத்தைத் தடவிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதன் பிறகு பெட்டியைக் கண்டு நகர்ந்ததே இல்லை.

நாய்களும் குதிரையும் ஒரே இடத்தில் இருப்பதில் ஓர் ஆபத்து உண்டு. அதை என் கவனக்குறைவால்தான் கற்றுக்கொண்டேன். குதிரைக்குக் குடற்புழு நீக்கக் கொடுக்கும் ஐவர்மெக்டின் பசை, நாயின் எடைக்கு மிக அதிக அளவு. சிவலை துப்பிய பசையை மண்ணில் மூடிவிட்டேன், ஆனால் மறுநாள் விழுந்த லத்தியிலும் மருந்து இறங்கும் என்பது நினைவில் இல்லை. எதையும் தின்னும் லாப்ரடார் அதைத் தின்றுவிட்டது. மாலையில் அதன் கண்மணி இரண்டும் அகலமாக விரிந்து, எச்சில் ஒழுக, தென்னை மரத்தில் முட்டிக்கொண்டது, கண் தெரியவில்லை. மூன்று நாள் குளுக்கோஸ் ஏற்றி, இருட்டறையில் வைத்திருந்த பிறகுதான் பார்வை திரும்பியது. இப்போது மருந்து கொடுத்தால் ஐந்து நாள் நாய்களை வேலிக்கு அந்தப் பக்கம் அடைத்து, லத்தியை விழ விழ அள்ளிக் குழியில் மூடுகிறோம்.

கிழநாய்களுக்கு வேண்டியது பெரும்பாலும் எளிமையானது: உண்ணி பார்ப்பது, ஆண்டுக்கு ஒருமுறை வெறிநாய்க்கடித் தடுப்பூசி, முள் எடுத்த மீனோடு குழைந்த சோறு, மூட்டுவலிக்கு ஈரமில்லாத படுக்கை. கருவாடு கூடாது, சிறுநீரகம் தளர்ந்த நாய்க்கு அந்த உப்பு விஷம். ஏழு நாய்களுக்கும் சேர்த்து ஆகும் செலவைப்போல் மூன்று மடங்கு ஒற்றைக் குதிரைக்கு ஆகிறது. இரண்டாவது குதிரை வேண்டுமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், மறுத்துவிட்டேன்.

ஆறு வாரத்துக்கு ஒருமுறை மதுரைக்காரர் வந்து குளம்பு சீவுகிறார். மணலில் லாடம் தேவையில்லை என்று முதல் முறையே கழற்றிவிட்டார். அன்றைக்கு நாய்கள் ஏழும் லாயத்துக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்துவிடும். சீவி விழும் குளம்புத் துண்டு அவற்றுக்குக் கருப்பட்டி மாதிரி. பல்லில்லாத படகுத்துறை நாயால் அதைக் கடிக்க முடியாது. ஆனாலும் தன் பங்கை வாங்கிக்கொண்டு போய்த் தாழம்புதருக்குள் புதைத்துவிட்டு வரும். அடுத்த முறையும் வரிசையில் அதுதான் முதலில் உட்கார்ந்திருக்கும்.