நோக்கம் தேடும் முன்னே புலம்ப வேண்டும்

"இதற்கும் கர்த்தர் ஒரு நோக்கம் வைத்திருப்பார்." வேலை போன வீட்டிலும் துக்க வீட்டிலும் விசுவாசிகள் முதலில் சொல்வது இதைத்தான். சொல்வது உண்மைதான், ஆனால் சொல்லும் நேரம் தப்பு. யோசேப்பு "தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்" என்று சொன்னது ஆதியாகமம் 50-ல். 37-ம் அதிகாரத்தில் அண்ணன்மார் தள்ளிய குழிக்குள் கிடந்தபோது அவன் செய்தது என்ன? கெஞ்சினான். அண்ணன்மாரே அதை 42:21-ல் ஒத்துக்கொள்கிறார்கள். நோக்கம் தெரியாத நாட்களில் கெஞ்சுவதும் விசுவாசம்தான்.

அதற்கு நல்ல பயிற்சி 13-ம் சங்கீதம். ஆறே வசனம். 1, 2 முறையீடு. 3, 4 விண்ணப்பம். 5, 6 நம்பிக்கை. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டு வாய்விட்டு வாசியுங்கள். முதல் இரண்டு வசனங்களில் "எதுவரைக்கும்" நான்கு முறை வருகிறது. ஒவ்வொன்றுக்கும் உங்கள் வார்த்தையில் ஒரு வரி எழுதுங்கள்: எதுவரைக்கும் இந்த வட்டி, எதுவரைக்கும் மகன் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பான். "என் கஷ்டங்களை நீர் அறிவீர்" என்று பொத்தாம் பொதுவாக எழுதினால் மனசு திறக்காது. பிறகு விண்ணப்பம். ஒன்றே ஒன்று, இன்றைக்கு வேண்டியது மட்டும். அந்தச் சங்கீதத்தைப் பாடிய தாவீதும் "என் கண்களைத் தெளிவாக்கும்" என்றுதான் கேட்கிறார்.

பலர் இடறுவது ஐந்தாம் வசனத்தில். சபையில் பழகிய வேகத்தில் நேராகத் துதிக்குத் தாவிவிடுகிறோம். முறையீடு உள்ளேயே தங்கி, நாளாக நாளாகக் கசப்பாகிறது. துதி வரவில்லையா, அன்றைக்கு நான்காம் வசனத்தோடு நிறுத்துங்கள். 88-ம் சங்கீதத்தின் 18 வசனங்களில் கடைசிவரை துதி திரும்புவதே இல்லை. தோழர்கள் விலகிப்போனதைச் சொல்லி அப்படியே முடிகிறது. அதையும் ஜெபம் என்றுதான் வேதம் வைத்திருக்கிறது.

நோட்டில் தேதி போடுங்கள். சில மாதம் கழித்துத் திருப்பிப் பார்க்கும்போதுதான் நோக்கத்தைப் பற்றிப் பேச ஏதாவது இருக்கும். அப்போது ரோமர் 8:28-ஐ 29-ஓடு சேர்த்து வாசியுங்கள். "சகலமும் நன்மைக்கு ஏதுவாக" என்பதில் உள்ள நன்மை எது என்று அடுத்த வசனமே சொல்கிறது: குமாரனுடைய சாயலுக்கு ஒப்பாவது. போன வேலையைவிடப் பெரிய வேலை கிடைக்கும் என்ற வாக்கு அதில் இல்லை. 28-ஐ மட்டும் பிடித்துக்கொண்டு காத்திருப்பவர்கள் தேவன் ஏமாற்றிவிட்டார் என்று நொந்துபோவது இதனால்தான்.

2 கொரிந்தியர் 1:4 இன்னொரு நோக்கத்தைக் காட்டுகிறது: பெற்ற ஆறுதலால் மற்றவர்களுக்கு ஆறுதல் செய்வது. டோனாவூரில் ஊழியம் செய்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931-ல் விழுந்து அடிபட்டார். 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்தான் வாழ்க்கை. சுகம் கேட்டு ஜெபித்தார்கள். பழைய நடமாட்டம் திரும்பவில்லை. அந்தப் படுக்கையிலிருந்துதான் நோயாளிகளுக்காக, ஒரு நோயாளியாகவே எழுதினார். நல்ல உடம்போடு எழுதியிருந்தால் அந்த எழுத்துக்கு அவ்வளவு எடை இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

துக்கத்தில் இருப்பவரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: எல்லாவற்றையும் இழந்த யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை சரி. காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் எல்லாம் கெட்டது. சோறு கொண்டுபோங்கள், பக்கத்தில் இருங்கள். சாக வேண்டும் என்று கேட்ட எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும்தான், அதுவும் இரண்டு முறை. தூக்கமே போய், சாவு நினைப்பு வந்துகொண்டே இருந்தால் ஜெபத்தோடு மருத்துவரிடமும் கூட்டிப்போக வேண்டும்.

"இது உன் சிலுவை, சுமந்துகொள்" என்று சொல்லி ஒரு பெண்ணைக் குடித்துவிட்டு அடிக்கிற கணவனிடமே திருப்பி அனுப்புவது பாவம். ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறுபட்டணத்துக்கு ஓடிப்போகச் சொன்னவர் இயேசுவே (மத்தேயு 10:23). அவளுக்கு முதலில் வேண்டியது பத்திரமாகத் தங்க ஓர் இடம். 13-ம் சங்கீதத்தை அங்கே போய் வாசித்துக்கொள்ளலாம்.