ஆக்சிடென்ட் பண்ணிட்டு நிக்காம வந்துட்டேன், அதுக்கப்புறம் நடந்தது

2024 நவம்பர், வெள்ளிக்கிழமை நைட் எட்டே முக்கால் இருக்கும். வேளச்சேரி தாண்டி பள்ளிக்கரணை கிட்ட, மழை தூறிட்டு இருந்துச்சு, லெஃப்ட்ல ஒரு தெருவுக்குள்ள திரும்பும்போது சைடு கண்ணாடிய பாக்காம திருப்பிட்டேன், டூவீலர்ல வந்த ஒருத்தர் மேல உரசி அவரு விழுந்துட்டாரு. வேகம் ஒண்ணும் இல்ல. பின்சீட்ல என் பொண்ணு, ஆறு வயசு, கத்த ஆரம்பிச்சுட்டா, ரெண்டு மூணு பேரு ஓடி வந்தாங்க, ஒருத்தர் பானட்ல ஓங்கி தட்டினாரு, எனக்கு கை காலெல்லாம் உதறிருச்சு, அப்படியே வண்டிய எடுத்துட்டு வந்துட்டேன். அவரு எழுந்து ரோட்லயே உக்காந்தத கண்ணாடில பாத்தேன். பாத்துட்டுதான் வந்தேன், அத மறைக்கல.

வீட்டுக்கு வந்து பாத்தா லெஃப்ட் இண்டிகேட்டர் உடைஞ்சிருக்கு, கதவுல நீளமா ஒரு கோடு. ஃப்ரெண்டு ஒருத்தன்கிட்ட சொன்னா, ஹிட் அண்ட் ரன்னுக்கு இப்ப பத்து வருஷம்டா, வாயத் திறக்காம இரு, இல்லன்னா யாராவது டிரைவர் பேர சொல்லிடுன்னான். தூக்கமே வரல. பதினோரு மணிக்கு சித்தப்பா பையனுக்கு போன் பண்ணேன், அவன் வக்கீல். அவன் கேட்ட முதல் கேள்வி, "எத்தன மணிக்குண்ணா நடந்துச்சு?"

அந்த பத்து வருஷம் ஆள் இறந்துபோற கேசுக்கு எழுதின செக்‌ஷனாம், ஐபிசிக்கு பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது பிஎன்எஸ், 106(2), லாரி டிரைவர்கள் ஸ்டிரைக்குக்கு அப்புறம் அத அமலுக்கே கொண்டு வரல. எனக்கு பொருந்துறது மோட்டார் வாகனச் சட்டம் 134ன்னு சொன்னான். அடிபட்டவங்கள ஆஸ்பத்திரி கொண்டு போகணும், பக்கத்துல போலீஸ் இல்லன்னா கிட்ட இருக்கிற ஸ்டேஷன்ல முடிஞ்ச சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள்ள சொல்லணும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்துல தெரிவிக்கணும். செய்யலன்னா 187வது செக்‌ஷன், ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல 5,000 ரூபாய் வரைக்கும் ஃபைன், ரெண்டும் சேர்த்தும் போடலாம்.

கூட்டம் அடிச்சிடும்னு பயந்துதான்டா வந்தேன்னு சொன்னேன். அதுக்கு அவன் சொன்னது எனக்கு இன்னிக்கும் அப்படியே நினைவிருக்கு. கூட்டத்தோட கோபத்தால முடியலங்கிறத சட்டமே ஒத்துக்குது, ஆனா அந்த சலுகை ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போறதுக்கு மட்டும்தான், போலீஸ்ல சொல்றதுக்கு கிடையாது, நீ அங்கேருந்து நேரா ஸ்டேஷன் போயிருக்கணும், ஏன் கூட்டிட்டுப் போகலங்கிறதையும் அங்கயே சொல்லியிருக்கணும்னான். நான் வீட்டுக்கு வந்ததுதான் தப்பு. டிரைவர் பேர சொல்ற யோசனைய கேட்டதும் திட்டினான், அது பொய் சாட்சி, இதவிட பெரிய கேஸு.

காலைல ஏழு மணிக்கு லைசென்ஸ், ஆர்சி, இன்சூரன்ஸ், நடந்தத எழுதின லெட்டர் எல்லாம் எடுத்துட்டு ரெண்டு பேரும் போனோம். சென்னைல ஆக்சிடென்ட் கேஸ போக்குவரத்து புலனாய்வுப் பிரிவுதான் பாக்கும், அங்க அனுப்பினாங்க. நைட்டே கம்ப்ளெயின்ட் வந்திருந்துச்சு, யாரோ நம்பர குறிச்சு குடுத்திருக்காங்க. வண்டி என் வைஃப் பேர்ல இருக்கு. நான் அங்க பெஞ்ச்ல உக்காந்திருக்கும்போதே அவளுக்கு போலீஸ்லேருந்து போன், யாரு வண்டி ஓட்டினதுன்னு. ஓனர் அதை சொல்லியே ஆகணும், அது மோட்டார் வாகனச் சட்டம் 133. நான் பண்ண தப்புக்கு அவ பதில் சொல்ல வேண்டியதாச்சேன்னு அந்த நிமிஷம் ரொம்ப சங்கடமா இருந்துச்சு.

எஃப்ஐஆர் போட்டாங்க: பிஎன்எஸ் 281 (கவனமில்லாம ஓட்டினது), 125(a) (அதனால காயம் பட்டது), கூடவே மோட்டார் வாகனச் சட்டம் 134(a)யும் (ஆஸ்பத்திரி கூட்டிட்டுப் போகாதது) 187ம். நேரத்துக்குள்ள போனதால போலீஸ்ல சொல்லாததுக்கான 134(b) சேக்கல. எல்லாமே ஜாமீன்ல விடக்கூடிய செக்‌ஷன், தம்பி ஜாமீன் குடுத்தான், மத்தியானமே வெளிய வந்துட்டேன். வண்டி மட்டும் எம்விஐ (மோட்டார் வாகன ஆய்வாளர்) இன்ஸ்பெக்‌ஷன் முடியுற வரைக்கும் அங்கயே நின்னுச்சு, நடுவுல ஞாயித்துக்கிழமை வந்துட்டதால மூணு நாள் ஆச்சு. ஒண்ணு சொல்லிடறேன், அதுக்கு முன்னாடி இண்டிகேட்டர மாத்துறது, கோட்ட பாலிஷ் பண்றது எதுவும் செஞ்சிடாதீங்க, தடயத்த அழிச்ச மாதிரி ஆயிடும். இன்சூரன்ஸுக்கு பாலிசி நம்பர், நடந்த நேரம், இடம், அடிபட்டவர் விவரம், ஓட்டினவர் லைசென்ஸ் விவரம் எல்லாம் போட்டு அன்னிக்கே மெயில் அனுப்பிட்டேன்.

அடிபட்டவர் ஐம்பது வயசுக்கு மேல, எலக்ட்ரீஷியன். முழங்கைல நாலு தையல், மணிக்கட்டு வீக்கம், ஷேர் ஆட்டோக்காரர் ஒருத்தர்தான் ஆஸ்பத்திரி கூட்டிட்டு போயிருக்காரு. தம்பி அவர்கிட்ட கேட்டு, சரின்னு சொன்னப்புறம்தான் வீட்டுக்கு போனேன். உக்கார சொன்னாங்க, காபி குடுத்தாங்க. "கண்ணாடில என்னப் பாத்தீங்களா தம்பி?"ன்னு கேட்டாரு. ஆமான்னு சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் ரெண்டு வாரமா வேலைக்கு போக முடியலன்னாரு. ஆஸ்பத்திரி பில்லும் அந்த ரெண்டு வார கூலியும் நான் குடுத்தேன். அவரு கேஸு வேணாம்னு எழுதித் தர்றேன்னு கூட சொன்னாரு, ஆனா 281 ரெண்டு பேரும் சமாதானமாயிட்டா கலையுற செக்‌ஷன் இல்ல.

நாலு மாசம் கழிச்சு சம்மன், மேஜிஸ்ட்ரேட் கோர்ட். குத்தத்த ஒத்துக்கிட்டா அவரு நஷ்டஈடு கேக்கும்போது அது அவருக்கு சாதகமா போகும், யோசிச்சுக்கோன்னு தம்பி சொன்னான். போகட்டுமே, தப்பு என்னுது, அவருக்கு சேர வேண்டியது சேரட்டும்னு ஒத்துக்கிட்டேன். மொத்தம் 6,000 ரூபாய் ஃபைன், சாயங்காலம் கோர்ட் கலையுற வரைக்கும் அங்கயே நின்னு கட்டிட்டு வந்தேன்.

இப்ப அவரு விபத்து நஷ்டஈட்டு ட்ரிப்யூனல்ல மனு போட்டிருக்காரு. இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் நீங்க வர வேண்டியதில்லன்னாரு. அடுத்த வாய்தாவுக்கு லீவ் போட்டிருக்கேன், போறேன்.