அத்தை அறிவித்த ஆடித் தள்ளுபடி

ஆடியில் வீடு மாறக் கூடாது என்று அத்தை சொல்லிவிட்டார். அதனால் சேலம் அம்மாபேட்டை ஓட்டு வீட்டைக் காலி செய்ய எங்களுக்கு ஒரு மாதம் கையில் கிடைத்தது. ஆவணியில் அழகாபுரத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. அங்கே லிஃப்ட் உண்டு, கார் நிறுத்த இடம் உண்டு, பரண் மட்டும் கிடையாது. பரண் இல்லாததை அத்தை இன்னும் ஒரு வீடாகவே ஒப்புக்கொள்ளவில்லை.

ஓட்டு வீட்டிலோ பரண் முழுக்க மாமனார் காலத்துச் சாமான். அண்டா, குண்டா, தூக்குப்போசி, தறி இருந்த காலத்தில் நூல் சுற்றிய ராட்டை, டேப் ரெக்கார்டர், ஒரு சாக்கு கேசட். அமெரிக்காவில் இருக்கும் கொழுந்தன் இதையெல்லாம் வீடியோ காலில் பார்த்துவிட்டு, "அண்ணி, யார்டு சேல் போட்டுடுங்க. இங்க எல்லாரும் பண்றாங்க. சாமானை வாசல்ல வச்சு, விலை ஸ்டிக்கர் ஒட்டிட்டா போதும்" என்றார். எங்கள் வாசலின் அகலம், ஒரு கோலமும் ஒரு டிவிஎஸ் 50-உம். சரி, திண்ணை இருக்கிறதே என்று துணிந்துவிட்டோம்.

நாள் குறிப்பதே பெரிய பாடு. வண்டி வேடிக்கை வாரம் வேண்டாம் என்று முதலிலேயே தள்ளினோம். கோட்டை மாரியம்மனில் தொடங்கி ஊரில் இருக்கும் மாரியம்மன் கோயில் எல்லாவற்றிலும் ஆடித் திருவிழா. சாமி வேஷம் கட்டியவர்கள் ஜோடித்த வண்டியில் வரும்போது பழைய ஃபேனைப் பார்க்க யார் வருவார்கள்? தப்பித் தவறி வந்தாலும் அது சொந்தக்காரர்களாக இருக்கும். சொந்தத்திடம் விலை சொல்ல முடியுமா? செவ்வாய், வெள்ளியில் வீட்டுப் பொருள் வாசல் தாண்டக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 4.30 முதல் 6 வரை ராகு காலம். கடைசியில் மிஞ்சியது ஞாயிறு காலை.

எதை விற்கக் கூடாது என்பது அடுத்த பஞ்சாயத்து. அம்மி, உரல், குத்துவிளக்கு, முறம் என்று அத்தை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொண்டார். 2011 தேர்தலுக்குப் பிறகு அரசு கொடுத்த மிக்சி, கிரைண்டர், ஃபேனை நான் திண்ணைக்குக் கொண்டுவர, வீட்டுக்காரர் அதில் இருந்த கோபுர முத்திரையைக் காட்டி, "இதை விக்கவே கூடாது" என்று திரும்பத் தூக்கிக்கொண்டு போனார். அன்றைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் கேட்டது அந்த கிரைண்டரைத்தான்.

காலை எட்டு மணிக்கு என்று தெரு வாட்ஸப் குழுவில் போட்டிருந்தேன். ஆறரைக்கே ஒருவர் டீ கிளாஸோடு நின்றார். சாமானைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பழைய பட்டுச் சேலை இருக்குதுங்களா?" என்றார். அத்தை தறிக்காரர் வீட்டுப் பெண். அசல் சரிகையில் இருப்பது வெள்ளி என்பது அவருக்குத் தெரியாதா? "அதெல்லாம் செவ்வாய்ப்பேட்டையில எடை போட்டுக் குடுப்போம் கண்ணு, நீ டீயைக் குடி" என்று அனுப்பிவிட்டார். இப்படிக் கருக்கலில் வருகிறவர்கள் எல்லாரும் வியாபாரிகள். யாராவது இந்த மாதிரி விற்பனை போடுவதாக இருந்தால், பட்டு, பித்தளை, வெள்ளியை வாசலுக்கே கொண்டுவராதீர்கள்.

ஸ்டிக்கர் யோசனை எட்டரைக்குள் செத்துப்போனது. 200 என்று ஒட்டியிருந்தால் வருகிறவர்கள் குனிந்து படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பேரம் பேச இடம் கொடுக்காத விலை ஒரு விலையா? எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிட்டு, "நீங்களே கேளுங்க" என்றதும்தான் கூட்டம் நின்றது. அதற்குள் யாரோ ஒரு அம்மா, "ஆடித் தள்ளுபடி இல்லீங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்க, நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை, "எல்லாம் பாதி விலைதான் சாமி" என்று அறிவித்துவிட்டார். எதில் பாதி என்று யாரும் கேட்கவில்லை.

ஒன்றை மட்டும் உருப்படியாகச் செய்திருந்தோம். திண்ணை ஓரத்தில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து வைத்தோம். டேபிள் ஃபேனும் டேப் ரெக்கார்டரும் ஓடுவதைக் கண்ணால் பார்த்ததும் பேச்சு பாதியாகக் குறைந்தது. பத்து, இருபது ரூபாய்ச் சில்லறையும் முதல் நாளே மாற்றி வைத்திருந்தோம். "அண்ணன் வந்து எடுத்துக்குவாரு, எடுத்து வைங்க" என்பவர்களிடம் கொஞ்சமாவது அட்வான்ஸ் வாங்கிவிட வேண்டும். அந்த அண்ணன் வருவதே இல்லை.

பித்தளையில் அத்தைக்கு ஒரு சறுக்கல். முதல் நாள் ராத்திரி முழுக்கப் புளி போட்டுத் தேய்த்துத் தங்கம் மாதிரி அடுக்கியிருந்தார். ஏற்காட்டில் தங்கும் விடுதி நடத்தும் ஒரு பையன் வந்தான். வரவேற்பறையில் அலங்காரத்துக்கு வைக்க வேண்டுமாம். பளபளக்கும் வரிசையை உதட்டைப் பிதுக்கிக்கொண்டே தாண்டி, கட்டிலுக்கடியில் விட்டுப்போயிருந்த ஒரு சொம்பை இழுத்தான். கழுத்து வளைவில் பச்சைக் களிம்பு, அடியில் கரி. "இது சூப்பர்ங்க, தேய்க்காம அப்படியே குடுங்க" என்று 900 ரூபாய் கொடுத்தான். ஒட்டடையோடு அந்த ராட்டையையும் அள்ளிக்கொண்டு போனான். அத்தை அன்று முழுவதும் தன் கை விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எவர்சில்வர் மட்டும் அசையவில்லை. உருக்காலை இருக்கிற ஊரில் எவர்சில்வர் விற்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். அந்த அடுக்கைத்தான் எதிர்வீட்டு அக்கா புரட்டினார். ஒரு குடத்தைக் கவிழ்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். அடியில் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து: 'அன்பளிப்பு', அதற்குக் கீழே அவர் வீட்டுக்காரர் பெயர். எங்கள் கல்யாணத்துக்கு வைத்தது.

"பரவாயில்ல, எங்க குடமும் விலைக்கு வந்திருச்சா" என்றார். தெருவே அமைதியானது. வீட்டுக்காரர் டேபிள் ஃபேனுக்குப் பின்னால் போய்விட்டார்.

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குடத்தை வாங்கினார். வெயிலுக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தார். அக்கா வீட்டுப் பெயருக்கு மேலே அரம் போட்டுத் தேய்த்த இடம் ஒன்று மங்கலாகத் தெரிந்தது. அதை விரலால் தடவித் தடவிப் படித்தார். முதல் எழுத்தும் கடைசியில் 'அம்மாபேட்டை'யும் அழியாமல் இருந்தன.

"இது உன் கல்யாணத்துக்கு எங்க வீட்டுக்காரரு பேரு வெட்டிக் குடுத்த குடம்தானே கண்ணு?"

அக்கா ஒரு நிமிஷம் குடத்தையே பார்த்தார். அப்புறம், "பெரியம்மா, இதுக்கு என்ன விலைங்க?" என்றார். 150 சொன்னோம். நூறுக்குக் கேட்டார். அந்த நிலைமையிலும் பேரம் பேசியதற்காகவே கொடுத்துவிட்டோம்.

மிச்சத்தைச் சாயங்காலம் பழைய இரும்புக் கடைக்காரர் தராசோடு வந்து அள்ளிப் போனார். கேசட் மூட்டையை மட்டும் காலால் தள்ளி, "டேப்பு இருந்தா ரெண்டையும் சேர்த்து எடுத்துக்கலாங்க" என்றார். டேப் ரெக்கார்டர் ஒன்பது மணிக்கே போய்விட்டது. மூட்டை இப்போது அழகாபுரத்தில், அத்தையின் கட்டிலுக்கடியில் இருக்கிறது.